கழிச்சலை நிறுத்திய வேலிகள்: நெப்ராஸ்கா மணற்குன்றுகளில் ஒரு கன்று ஈனும் பருவம்

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் ஏறக்குறைய 50,000 சதுர கிலோமீட்டருக்கு மணற்குன்றுகள் பரந்து கிடக்கின்றன. பாலைவனம் என்று நினைத்துவிட வேண்டாம். குன்றுகள் முழுக்கப் புல் மூடியவை. அடியில் ஒகல்லாலா நிலத்தடி நீர் இருப்பதால் தாழ்வான இடங்களில் புல்வெளி ஈரமாகவே இருக்கும். உழுதால் மணல் காற்றில் பறந்துவிடும் என்பதால் இங்கே பயிர் குறைவு, மாடுதான் பிழைப்பு. ஒவ்வொரு குடும்பமும் சில நூறு இறைச்சி இனப் பசுக்களை வைத்திருக்கிறது. மார்ச்சிலிருந்து மே வரை கன்று ஈனும். கோடை முழுக்கத் தாயும் கன்றும் குன்றுகளில் மேயும். இலையுதிர் காலத்தில் கன்றைப் பிரித்து விற்பார்கள். ஒரு பசுவுக்கு ஆண்டுக்கு ஒரு கன்று, அது ஒன்றுதான் வரவு. ஏப்ரலில் ஒரு கன்று செத்தால் அந்தப் பசு தின்ற ஓராண்டுத் தீவனமும் செலவுக் கணக்கில் நின்றுவிடும்.

இங்கே எடுத்துக்கொள்வது 1990-களின் இறுதியில் இப்படியொரு பெரிய பண்ணையில் நடந்தது. கன்றுக் கழிச்சலால் ஆண்டுதோறும் சாவு. நல்ல ஆண்டிலேயே நூற்றுக்கு ஆறு கன்றுக்கு மேல், மோசமான ஆண்டில் பத்தையும் தாண்டியது. நெப்ராஸ்கா பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவர்கள் டேவிட் ஸ்மித்தும் டேல் குரோட்டலூஷனும் அந்தப் பண்ணைக்காரரோடு உட்கார்ந்து வேலைமுறையை மாற்றினார்கள். 2000-ஆம் ஆண்டு வசந்தத்தில் முதன்முதலாகக் கடைப்பிடிக்கப்பட்ட அந்த முறைக்கு 'சாண்ட்ஹில்ஸ் கன்று ஈனும் முறை' என்று பெயர் வந்தது. அதில் புது மருந்து கிடையாது, புதுத் தடுப்பூசி கிடையாது. எந்த மாடு எந்த வாரம் எந்த வேலிக்குள் நிற்க வேண்டும் என்பதை மட்டுமே மாற்றினார்கள்.

பழைய முறை

மாற்றத்துக்கு முன் அங்கே நடந்ததைத்தான் இன்றும் பல பண்ணைகள் செய்கின்றன. நிறைசினை மாடுகளையெல்லாம் வீட்டருகே ஒரே அடைப்பில் கொண்டுவந்து நிறுத்துவார்கள். வெளிச்சம் பக்கம், கொட்டகை பக்கம், இரவில் எழுந்து பார்க்க எளிது. கன்று போட்டதும் தாயையும் கன்றையும் வேறு நிலத்துக்கு ஓட்டிவிடுவார்கள். கேட்கும்போது குறை சொல்ல எதுவும் இல்லை.

முதல் மூன்று வாரம் எல்லாம் நன்றாகவே போகும். அதன்பின் ஒரு கன்று மஞ்சளாகக் கழியும். மறுநாள் ஐந்தாறு கன்று. அடுத்த வாரம் குடும்பமே கன்றுக்குக் குழாய் போட்டு உப்புக் கரைசல் ஊற்றிக்கொண்டிருக்கும். வேலி, தீவனம், பிரசவம் பார்ப்பது எல்லாம் பின்னுக்குப் போகும். பிரசவம் சரியாகப் பார்க்காததால் சீம்பால் தாமதமாகும், அதனால் இன்னும் சில கன்று விழும்.

கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. முதலில் பிறந்த கன்றுகளில் நோயும் சாவும் குறைவு. கடைசியில் பிறந்தவையே அதிகம் சாகும். அதே தாய்மாடுகள், அதே தீவனம், கடைசிப் பாதியில் குளிர்கூடக் குறைந்திருக்கும். பிறகு ஏன்?

காரணம்

கழிச்சல் கிருமிகள் பெரும்பாலும் வெளியிலிருந்து புதிதாக வருவதில்லை. ரோட்டா வைரஸ், கொரோனா வைரஸ், கிரிப்டோஸ்போரிடியம் என்னும் ஒட்டுண்ணி, பிறந்த மூன்று நான்கு நாளுக்குள் தாக்கும் ஒருவகை ஈ.கோலை ஆகியவை பெரும்பாலான மந்தைகளில் வளர்ந்த மாட்டின் குடலிலேயே கொஞ்சமாக இருக்கின்றன. பசுவுக்கு அதனால் ஒன்றும் ஆவதில்லை. சாணத்தில் சொற்ப அளவு வெளியேறும். முதல் வாரத்தில் பிறந்த கன்று அந்தச் சொற்ப அளவைத்தான் விழுங்குகிறது. சீம்பால் தந்த எதிர்ப்புச் சக்தி அதைத் தாங்கிக்கொள்கிறது. பார்த்தால் நோய் தெரியாது. ஆனால் அதன் குடலில் கிருமி பெருகிவிடும். அது போடும் ஒரு கிராம் சாணத்தில் கோடிக்கணக்கில் வைரஸ் இருக்கும்.

இரண்டாவது வாரம் பிறந்த கன்று அந்தச் சாணத்தில் படுக்கிறது. தாயின் மடியில் ஒட்டியதை நக்குகிறது. அதன் பங்குக்கு இன்னும் பெருக்குகிறது. கந்துவட்டி போல வாரத்துக்கு வாரம் ஏறி, நான்காவது ஐந்தாவது வாரத்தில் பிறக்கும் கன்றுக்குக் கிடைக்கும் கிருமி அளவை எந்தச் சீம்பாலும் தாங்காது. இதற்கிடையில் கன்றுக்கு மிகவும் பலவீனமான வயது ஒன்று முதல் இரண்டு வாரம். தாய் தந்த எதிர்ப்புச் சக்தி குடலில் குறைந்து, சொந்த எதிர்ப்புச் சக்தி இன்னும் எழும்பாத இடைவெளி அது. அந்த வயதில் தன்னைவிட இரண்டு மூன்று வாரம் மூத்த கன்றுகளோடு சேர்ந்து நிற்பதுதான் ஆபத்து.

இது புரிந்தபின் ஆய்வகத்தில் எந்தக் கிருமி என்று கண்டுபிடிப்பதற்கு அவ்வளவு அவசரம் இல்லை. சால்மோனெல்லா போன்ற ஒன்று நுழைந்திருந்தால் தெரிந்துகொள்ள வேண்டும், அது மனிதருக்கும் தொற்றும். கிரிப்டோவும் மனிதருக்குத் தொற்றக்கூடியதே. மற்றபடி ரோட்டாவானாலும் கிரிப்டோவானாலும் செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான். மூத்த கன்றும் இளங்கன்றும் சந்திக்காமல் பார்த்துக்கொள்வது.

நகர்த்தும் கணக்கு

முறையின் மையம் இது. கன்று போட்ட மாட்டை நகர்த்துவதில்லை, போடாத மாட்டைத்தான் நகர்த்துகிறோம். தாயும் கன்றும் பிறந்த இடத்திலேயே நிற்கும். சினை மாடுகள் புது நிலத்துக்குப் போகும்.

ஜூன் 1 அன்று காளை விட்டால் சினைக்காலம் 283 நாள் என்ற கணக்கில் மார்ச் 11 வாக்கில் முதல் கன்று. அதற்குச் சற்று முன்பு எல்லாச் சினை மாடுகளும் முதல் அடைப்புக்குள் வரும். பனிக்காலம் முழுக்க மாடு நின்று சாணம் மண்டிய இடம் அதற்கு உதவாது. முதல் இரண்டு வாரம் அங்கேயே ஈனட்டும், கிருமி இன்னும் பெருகியிருக்காது. மார்ச் 25 அன்று இன்னும் கன்று போடாதவை அத்தனையும் இரண்டாவது அடைப்புக்கு. ஏப்ரல் 1 மூன்றாவதற்கு. அதன்பின் 8, 15, 22, 29 என வாரம் ஒருமுறை. இப்படி ஒவ்வொரு அடைப்பிலும் நிற்கும் கன்றுகளுக்குள் வயது வித்தியாசம் ஒரு வாரம், முதல் அடைப்பில் மட்டும் இரண்டு வாரம்.

அடைப்புகளை மறுபடி சேர்க்கலாம். சேர்க்கும் கூட்டங்களில் கடைக்குட்டிக் கன்றுக்கு நான்கு வாரம் ஆகியிருக்க வேண்டும், அது ஒன்றே நிபந்தனை. இரண்டாவது அடைப்பில் கடைசிக் கன்று மார்ச் 31 அன்று பிறந்தது என்றால் ஏப்ரல் 28 முதல் முதலிரண்டு கூட்டத்தையும் ஒன்றாக்கலாம். இதன்படி ஒரே நேரத்தில் ஆறு கூட்டம் வரை தனித்தனியே பார்க்க நேரிடும், மொத்தத்தில் ஏழெட்டு அடைப்பு தேவை.

ஒரே அளவு நிலம் எல்லாவற்றுக்கும் வேண்டியதில்லை. 300 பசு என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். காளையும் பசுவும் நல்ல நிலையில் இருந்தால் முதல் 21 நாளில் அறுபது சதவீதத்துக்கு மேல் ஈன்றுவிடும். முதல் இரண்டு வாரத்தில் 130, மூன்றாவது வாரத்தில் 60, பிறகு 45, 30, 18, 10 என்று இறங்கி மீதி ஏழெட்டு. ஆகவே முதல் அடைப்புதான் பெரியதாக, காற்றுமறைப்பு நன்றாக உள்ளதாக இருக்க வேண்டும். கடைசி இரண்டும் சிறியவை போதும், வீட்டருகே இருந்தால் நல்லது. நிலம் ஒரே பெரிய துண்டாக இருந்தால் ஒற்றை மின்கம்பி இழுத்துப் பிரித்துக்கொள்ளலாம். கன்று அதன் அடியில் நுழைந்து போகும் என்பார்கள். போகும்தான், ஆனால் பாலுக்குத் திரும்பி வந்துவிடும். அதற்காக முறையைக் கைவிட வேண்டியதில்லை.

மந்தை மிகப் பெரிதாக இருந்தால் வாரக் கணக்கோடு எண்ணிக்கையையும் பார்க்க வேண்டும். ஒரு அடைப்பில் நூறு கன்று சேர்ந்துவிட்டால் வாரம் முடியக் காத்திராமல் நகர்த்துவது நல்லது.

பிப்ரவரியிலேயே முடிக்க வேண்டியவை

இந்தக் கணக்கு காகிதத்தில் சுலபம். களத்தில் இதைக் கெடுப்பது பெரும்பாலும் தண்ணீர்தான். ஒவ்வொரு அடைப்பிலும் ஓடும் தண்ணீர் வேண்டும். கன்று ஈன்ற பசு குளிர்ந்த வசந்தத்திலும் நாளுக்கு 40–50 லிட்டர் குடிக்கும். மணற்குன்றுகளில் இன்றும் காற்றாலை பம்புகள்தான் பல தொட்டிகளை நிரப்புகின்றன. ஆண்டுக்கு ஒருமுறை மேலே ஏறிப் பல்சக்கரப் பெட்டியில் எண்ணெய் மாற்ற வேண்டும். சிலிண்டருக்குள் இருக்கும் தோல் வளையம் தேய்ந்திருந்தால் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும், தண்ணீர் மெலிந்து வரும். இரண்டாவது அடைப்புக்கு மாடு போய்ச் சேர்ந்த பிறகு இதைக் கண்டுபிடித்தால் அந்த வாரம் நகர்த்தியது வீண், எல்லாம் பழைய தொட்டிக்கே திரும்பி வரும்.

வேலியும் அப்படித்தான். பனிக்குவியல் உட்கார்ந்து முள்கம்பியை இழுத்துத் தாழ்த்தியிருக்கும். மரக்கம்பத்தில் ஆணி பிதுங்கி நிற்கும். நான்கு கம்பி வேலியில் கீழ்க்கம்பி அறுந்தால் கன்று போகும், மேல்கம்பி தளர்ந்தால் பசு எட்டி மேய முயன்று கம்பத்தையே சாய்க்கும். ஒருவர் நாலு சக்கர பைக்கில் சுத்தி, ஆணி, இழுவைக் கருவி, ஒரு சுருள் மெல்லிய கம்பியோடு எல்லா அடைப்பையும் சுற்றி வந்துவிட வேண்டும்.

மாட்டின் உடல்கட்டு மூன்றாவது. 1 முதல் 9 வரையிலான மதிப்பெண்ணில் ஈன்றுமுதிர்ந்த பசு 5, தலைஈத்துக் கிடேரி 6 என்ற நிலையில் ஈன வேண்டும். விலா எலும்பு வரிசையாகத் தெரியும் பசு ஈன்றால் சீம்பால் மட்டமாக இருக்கும், அடுத்த சினை பிடிக்கவும் தாமதமாகும். தாமதமானால் அடுத்த ஆண்டு கடைசிக் கூட்டத்தில்தான் ஈனும், ஆபத்தான கூட்டம் அது.

கிடேரிகளைப் பசுக்களோடு சேர்த்துவிடக் கூடாது. அவற்றின் கன்றுகளுக்கு எதிர்ப்புச் சக்தி குறைவு, பிரசவத்துக்கு உதவியும் அதிகம் தேவைப்படும். அவற்றுக்குத் தனி அடைப்பு, தனி வரிசை.

ஒரு நாள் ஓடும் விதம்

விடிந்ததும் முதல் பார்வை சினை மாடுகள் நிற்கும் அடைப்புக்கு. வால் தூக்கி ஒதுங்கி நிற்பது, தரையை மோந்து சுற்றுவது, காம்பு விரிந்து மெழுகு பூசியதுபோல் பளபளப்பது, வாலடித் தசைநார் தளர்ந்து குழி விழுவது ஆகியவை இன்றோ நாளையோ ஈனும் மாட்டின் அடையாளம். பிறகு இளங்கன்று உள்ள கூட்டம், கடைசியாக மூத்த கன்றுகள். இந்த வரிசை மாறக் கூடாது. மூத்த கன்றுகளைத் தொட்டுவிட்டு அதே காலணியோடு புதுக்கன்றிடம் போனால் வேலி போட்டதற்கே பொருள் இல்லை. நோயுற்ற கன்று இருந்தால் அதைப் பார்ப்பதுதான் நாளின் கடைசி வேலை.

பிறந்த கன்று உலர்ந்து, பால் குடித்து, தாயோடு ஒட்டிக்கொண்டபின் வில்லை மாட்டுவார்கள். தாயின் எண்ணே கன்றின் காது வில்லையிலும் இருக்கும். தொப்புளில் அயோடின். ஆண் கன்று என்றால் ரப்பர் வளையம் போட்டு ஆண்மை நீக்கம், பலர் அந்த நாளிலேயே முடித்துவிடுவார்கள். சட்டைப்பையில் இருக்கும் சிறு நோட்டில் தேதி, தாய் எண், ஆணா பெண்ணா, பிரசவம் எளிதா கடினமா, எந்த அடைப்பு என்று ஒரு வரி. எந்தக் கூட்டத்தை எப்போது சேர்க்கலாம் என்பதை இந்த நோட்டுதான் சொல்லும். நோட்டு இல்லாத பண்ணையில் நான்கு வார விதி நினைவில் நிற்காது. வில்லை மாட்டும் நேரத்தில் தாய் எங்கே நிற்கிறது என்று ஒருவர் கண் வைத்திருக்க வேண்டும். சாதுவான பசுவும் அன்றைக்கு மட்டும் முட்டும்.

தீவனம் போடும் நேரத்தில் ஒரு தந்திரம் இருக்கிறது. கனடாவின் மனிடோபாவில் கஸ் கோனஃபல் என்ற மாட்டுப் பண்ணைக்காரர் கண்டறிந்தது. மாலையில் தாமதமாகத் தீவனம் போட்டால் பெரும்பாலான மாடுகள் பகலில் ஈனும். பின்னர் அயோவாவில் 15 பண்ணைகளில் 1,331 பசுக்களுக்கு அந்தி நேரத்தில் ஒரே வேளை தீவனம் கொடுத்துப் பார்த்தபோது 85 சதவீதம் காலை 6 மணிக்கும் மாலை 6 மணிக்கும் இடையே ஈன்றன. முதல் கன்றுக்கு ஒரு மாதம் முன்பே மாலைத் தீவனத்தைத் தொடங்கிவிடுவது வழக்கம். காலையில் ட்ராக்டர் எடுப்பதுதான் பழக்கம் என்று அடம்பிடிக்கும் ஆட்கள் இரவு இரண்டு மணிக்கும் எழுந்திருக்கத் தயாராக இருக்க வேண்டும்.

550 கிலோ எடையுள்ள பசு சினையில் நாளுக்கு 11 கிலோ உலர்புல்லும், ஈன்றபின் 14 கிலோ வரையும் தின்னும். ஒரு உருளைப் புல்கட்டு ஏறக்குறைய 550 கிலோ. சேதாரம் போக நாற்பது பசுவுக்கு ஒரு கட்டு என்று வைத்துக்கொள்ளலாம். கட்டைச் சுற்றியிருக்கும் வலையும் நூலும் ஒரு துண்டுகூட விடாமல் எடுக்க வேண்டும். மாடு அதை விழுங்கினால் வயிற்றில் பந்தாகச் சுருண்டு நிற்கும். புல்லை ஒரே இடத்தில் போடாமல் தினமும் புது மண்ணில் நீளமாக உருட்டிப் போடுவது இன்னொரு கட்டாயம். தின்ற இடத்தில்தான் சாணமும், அங்கேதான் கன்றும் படுக்கும். காற்று அரித்துப் புல் போன மணல்மேட்டில் உருட்டிவிட்டால் அந்த இடம் மூடிக்கொள்ளவும் உதவும்.

கை வைக்க வேண்டிய நேரம்

பனிக்குடம் தெரிந்தபின் கிடேரிக்கு ஒரு மணி நேரம், ஈன்றுமுதிர்ந்த பசுவுக்கு அரை மணி நேரம். அதற்குள் முன்னேற்றம் தெரியாவிட்டால் கை விட்டுப் பார்க்க வேண்டும். இன்னும் கொஞ்சம் பார்க்கலாம் என்று தேநீர் போடப் போனவர்கள் செத்த கன்றை இழுத்திருக்கிறார்கள்.

தெரியும் இரண்டு குளம்பும் அடிப்பக்கம் தரையைப் பார்த்தால் முன்கால். மேலே பார்த்தால் பெரும்பாலும் பின்கால், தலைகீழாகத் திரும்பிய கன்றாகவும் இருக்கலாம். சந்தேகத்தைத் தீர்க்க மூட்டுகளைத் தொட வேண்டும். குளம்புக்கு மேலுள்ள முதல் இரண்டு மூட்டும் ஒரே பக்கம் மடங்கினால் முன்கால், எதிரெதிராக மடங்கினால் பின்கால். வால் மட்டும் தெரிந்தால் கால்கள் உள்ளே மடங்கியிருக்கின்றன. அதை அப்படியே இழுப்பது பசுவையும் கொல்லும், உள்ளே தள்ளித்தான் காலைத் திருப்ப வேண்டும்.

சங்கிலியைக் கணுக்காலுக்கு மேலே ஒரு சுற்று, அதே மூட்டுக்குக் கீழே அரை முடிச்சு என இரண்டு இடத்தில் பிடிக்குமாறு போடுவார்கள். ஒரே இடத்தில் போட்டு இழுத்தால் எலும்பு ஒடியும். மசகு தாராளமாக ஊற்றி, மாடு முக்கும்போது மட்டும், ஒரு கால் மாற்றி ஒரு கால் இழுக்க வேண்டும். தலையும் தோளும் வந்தபின் சாய்வாகக் கீழ்நோக்கி. இடுப்பு மாட்டிக்கொண்டால் பலத்தைக் கூட்டாமல் கன்றைக் கால்வட்டம் திருப்ப வேண்டும். பின்கால் முதலில் வரும் கன்றில் இடுப்பு வெளிவந்த கணத்திலிருந்து தொப்புள்கொடி நசுங்கும், அதற்குப் பிறகு தாமதிக்கக் கூடாது. கன்றை இழுக்கும் நெம்புகோல் கருவி கையில் இருப்பது ஆபத்தும்கூட. இரண்டு ஆளின் கைபலத்துக்கு மீறி இழுக்க வேண்டியிருந்தால் கால்நடை மருத்துவரை அழைத்து வயிற்றைத் திறக்க வேண்டிய கன்று அது.

வெளிவந்த கன்றைத் தலைகீழாகத் தொங்கவிடும் பழக்கம் இன்னும் பலரிடம் உண்டு. அதில் குடல்தான் உதரவிதானத்தை அழுத்தும். மார்பில் உட்காரவைத்து, மூக்கில் ஒரு வைக்கோல் துரும்பை விட்டுத் தும்ம வைத்து, முதுகைத் தேய்த்தால் போதும்.

சீம்பாலுக்குக் கடிகாரம் உண்டு. குடல் அந்த எதிர்ப்புப் புரதங்களை முழுதாக உறிஞ்சும் திறன் முதல் ஆறு மணி நேரத்தில் உச்சம், 24 மணி நேரத்தில் மூடிக்கொள்ளும். நான்கு மணி நேரத்துக்குள் கன்று தானாகக் குடிக்கவில்லை என்றால் தாயைக் கறந்து 2 லிட்டர், 12 மணி நேரத்துக்குள் மொத்தம் 4 லிட்டர் வரை. தொண்டைக் குழாய் வழியாக ஊற்றும்போது குழாய் முனை கழுத்தின் இடப்பக்கம் மூச்சுக்குழலுக்கு மேல் தனியாகக் கைக்குத் தட்டுப்பட வேண்டும். தட்டுப்படாமல் ஊற்றினால் நுரையீரலுக்குப் போகும். சீம்பால் குழாயும் நோய்க்கன்றின் குழாயும் வேறுவேறு. இதற்காகவே இரண்டு நிறத்தில் வாங்கி வைப்பார்கள்.

மார்ச் மாதத்தை நம்ப முடியாது. 2019 மார்ச் நடுவில் வந்த பனிப்புயலும் வெள்ளமும் நெப்ராஸ்காவில் ஏராளமான கன்றுகளைக் கொண்டுபோயின. ஈரக் கன்றின் உடல்சூடு 37.8 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கினால் அது குளிரில் விறைக்கிறது என்று பொருள். வாய்க்குள் விரல் விட்டால் குளிர்ந்திருக்கும், சப்பாது. 34 டிகிரிக்குக் கீழே போனதைத் துண்டால் துடைத்துக் காப்பாற்ற முடியாது. 38 டிகிரி வெந்நீர்த் தொட்டியில் தலையைத் தாங்கிப் பிடித்து அமுக்க வேண்டும். நீர் ஆற ஆற வெந்நீர் சேர்க்க வேண்டும். சூடு ஏறியபின் நன்றாகத் துவட்டி, சீம்பால் கொடுத்து, முற்றிலும் உலர்ந்த பிறகே தாயிடம். வீட்டுக் குளியல் தொட்டியில் கன்று கிடப்பது இங்கே யாருக்கும் வேடிக்கை இல்லை.

இவ்வளவுக்கும் பிறகு கழிந்தால்

எல்லாம் செய்தும் ஒன்றிரண்டு கன்று கழியும். அவற்றைக் கொல்வது கிருமியைவிட நீரிழப்பும் ரத்தத்தில் ஏறும் அமிலமும்தான். கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டால் உடனே படியாமல் இரண்டு நொடிக்கு மேல் நிற்பது, கண் குழிவது, காது தொங்குவது என்பவற்றில் ஒன்று தெரிந்தாலும் தாது உப்புக் கரைசல் 2 லிட்டர், நாளுக்கு இரண்டு மூன்று வேளை. பாலை நிறுத்தக் கூடாது. கழிச்சலுக்குப் பட்டினி என்ற பழைய வழக்கம் கன்றின் உயிரைத்தான் வாங்கும். சோடா உப்பு கலந்த கரைசலைப் பாலோடு கலக்காமல் சில மணி நேரம் இடைவெளி விட்டுக் கொடுத்தால் பால் உறைந்து செரிக்கும். எழ முடியாமல், சப்பும் உணர்வே இல்லாமல் கிடக்கும் கன்றுக்கு வாய்வழி ஊற்றிப் பயனில்லை, நரம்பு வழியாகத்தான் ஏற்ற வேண்டும்.

நோய்க்கன்றையும் தாயையும் வேறு கூட்டத்துக்கு மாற்றினால் புது இடத்தில் கிருமியை விதைத்ததாகும். தனியாக ஒரு சிறு அடைப்பு இதற்கென்றே வேண்டும்.

சறுக்கும் இடங்கள்

நகர்த்தும் நாளில் மழை என்று தள்ளிப்போடுவது முதல் சறுக்கல். ஒரு வாரம் தள்ளினால் அந்தக் கூட்டத்தில் வயது வித்தியாசம் இரண்டு வாரம், மறுபடி தள்ளினால் பழைய முறைக்கே வந்துவிட்டோம். புயல் முன்னறிவிப்பு இருந்தால் ஒரு நாள் முந்தி நகர்த்துவது, காற்றுமறைப்பு உள்ள அடைப்பை அந்த வாரத்துக்கு வைத்துக்கொள்வது எனத் திட்டத்துக்குள்ளேயே இடம் விட வேண்டும். நகர்த்தும் நேரத்தில் வலி எடுத்துவிட்ட மாட்டை விரட்டக் கூடாது. அது பழைய அடைப்பிலேயே ஈனட்டும், பட்டியலில் அங்கேயே எழுதிக்கொள்ளலாம்.

அடுத்தது இரக்கம். கன்று செத்த பசுவுக்குப் பால் வீணாகிறதே என்று பால்பண்ணையிலிருந்தோ சந்தையிலிருந்தோ ஒரு கன்றை வாங்கி வந்து ஒட்டவைப்பார்கள். செத்த கன்றின் தோலை உரித்து மேலே போர்த்தினால் வாசனையில் பசு ஏற்றுக்கொள்ளும், அந்தக் கைவித்தை நன்றாகவே பலிக்கும். ஆனால் வெளிக்கன்றோடு வெளிக்கிருமியும் வரும். சால்மோனெல்லா இப்படித்தான் பல பண்ணைகளுக்குள் நுழைகிறது. தன் மந்தையிலேயே இரட்டையாகப் பிறந்ததில் ஒன்று, அதே வயதுக் கூட்டத்தில் இருந்தால் ஒட்டவைக்கலாம். வெளியிலிருந்து வேண்டாம். குழந்தைகள் புட்டிப்பால் கொடுத்து வளர்க்கும் அநாதைக் கன்றைப் புதுக்கன்றுகள் நிற்கும் அடைப்புப் பக்கம் அழைத்துப் போவதும் இதே கணக்கில் சேரும்.

மூன்றாவதாக, மாடு யாருடையது என்று காட்டத் தோலில் சூடு போடும் சூட்டுக்குறி நாள். மேற்கு நெப்ராஸ்காவில் மாடு விற்க அந்தக் குறியைப் பார்க்கும் ஆய்வு கட்டாயம் என்பதால் சூட்டுக்குறி இன்னும் உயிரோடு இருக்கிறது. மே மாதத்தில் அக்கம்பக்கக் குடும்பங்கள் சேர்ந்து ஒவ்வொரு வீட்டு மந்தைக்கும் முறைவைத்துக் குறி போட்டு, சப்பை நோய் உள்ளிட்ட ஏழு கிளாஸ்டிரிடியக் கிருமிகளுக்கான தடுப்பூசியும் போட்டுவிடுவார்கள். எல்லாக் கன்றையும் ஒரே நாளில் ஒரே பட்டியில் அடைத்து முடித்தால் விருந்தும் ஒருநாளில் முடியும், ஆனால் பத்து நாள் கன்றும் அறுபது நாள் கன்றும் ஒன்றோடொன்று உரசி நிற்கும். நான்கு வாரம் தாண்டியவற்றை மட்டும் அன்று அடைத்து, மீதியை ஜூனில் தனியாகப் பார்ப்பதே சரி.

வேலைச்சுமை பற்றியும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஏப்ரல் கடைசியில் ஆறு இடத்தில் புல் போட வேண்டும், ஆறு தொட்டி பார்க்க வேண்டும். டீசலும் நேரமும் கூடும். நிலமோ தண்ணீரோ இல்லாதவர்கள் வாரத்துக்குப் பதில் பத்து நாளுக்கு ஒருமுறை நகர்த்துகிறார்கள். பலன் கொஞ்சம் குறையும், இருந்தும் ஒரே அடைப்பை விட எவ்வளவோ மேல்.

விளைவும் அடுத்த பருவமும்

முறையைத் தொடங்கிய பின்வந்த பருவங்களில் அந்தப் பண்ணையில் கழிச்சலால் கன்று சாவது நின்றது, மருந்துச் செலவும் பெரிதும் குறைந்தது. பல்கலைக்கழகத்தார் அதை எழுதி வெளியிட்ட பின் மற்ற மேய்ச்சல் பகுதிகளிலும் பண்ணைகள் தங்கள் நிலத்துக்கேற்ப எடுத்துக்கொண்டன. ஒரு பண்ணையின் முன்–பின் ஒப்பீடு மட்டும்தானே, வேறு காரணம் இருக்கக்கூடாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் வேலி போட்டதும் கடைசிக் கூட்டத்துக் கன்றுகளும் முதல் கூட்டத்தைப் போல் பிழைத்தன என்பது காரண விளக்கத்தோடு பொருந்துகிறது. அதிர்ஷ்டம் என்றால் அது கடைசிக் கூட்டத்தை மட்டும் தேடி வந்திருக்காது.

மே நடுவில் குன்றுகளில் புல் எழும்பியதும் கூட்டங்கள் கோடை மேய்ச்சலுக்குப் போகும். புது இளம்புல்லில் மக்னீசியம் குறைவாக இருக்கலாம் என்பதால், குறிப்பாக விதைத்த குளிர்காலப் புல்லில் விடுவதானால், இரண்டு வாரம் முன்பிருந்தே மக்னீசியம் கலந்த தாது உப்பு வைப்பார்கள். மக்னீசியம் ஆக்சைடு கசக்கும், வெல்லப்பாகோ தானியமோ கலக்காவிட்டால் மாடு சீண்டாது. ஈன்று பால் நிறைந்த பசு நடுங்கி விழுந்தால் அது இந்தக் குறைதான் என்று சந்தேகித்து உடனே மருத்துவரை அழைக்க வேண்டும், மணிக்கணக்கில் உயிர் போகும்.

காளைகளுக்குப் பரிசோதனையும் இதே மாதத்தில். விந்தணுவில் குறைந்தது 30 சதவீதம் முன்னோக்கி நகர வேண்டும், 70 சதவீதம் வடிவில் குறையற்றிருக்க வேண்டும். இரண்டு வயது தாண்டிய காளைக்கு விரைப்பை சுற்றளவு 34 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. பனியில் விரைப்பை உறைந்து புண்பட்ட காளை வெளிப்பார்வைக்கு நன்றாகவே இருக்கும், பரிசோதனையில்தான் மாட்டும். 25 பசுவுக்கு ஒரு காளை என்ற கணக்கில் ஜூன் 1 அன்று விட்டு, 60 அல்லது 65 நாளில் திரும்பப் பிடித்துவிட வேண்டும். வெளியே விட்டு மறந்தால் சினை பிடிக்கும் பசு கூடத்தான் செய்யும். ஆனால் கூடுதலாக விடும் ஒவ்வொரு வாரத்துக்கும் வரும் வசந்தத்தில் இன்னொரு அடைப்பு, இன்னொரு தொட்டி தேட வேண்டியிருக்கும்.